ஆறாம் வகுப்பு பெங்களூரில் படித்தால் அரசுப் பள்ளி மாணவி இல்லையா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பிளஸ் டூ ரிசல்ட் வந்த கையோடு கலந்தாய்வு பற்றி உங்கள் நாளிதழில் பக்கம் பக்கமாகப் போடுகிறீர்கள். போன வருடம் கட்ஆஃப் எவ்வளவு, எந்தப் பிரிவுக்கு மவுசு, விண்ணப்பிக்கக் கடைசி நாள் எது என்று எல்லாம் வருகிறது, எங்களைப் போன்றவர்களுக்கும் உபயோகமாகத்தான் இருக்கிறது. ஆனால் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டப் பிள்ளைகள் பல பேர் கட்ஆஃபைப் பற்றி யோசிப்பதற்கு முன்பே விண்ணப்பத்தின் ஒரே ஒரு கட்டத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை எந்த ஊர், எந்தப் பள்ளி, எந்த மாநிலம் என்று கேட்கிற கட்டம் அது. அதைப் பற்றி யாரும் எழுதி நான் பார்த்ததில்லை, அதனால் நான் எழுதுகிறேன்.

பாலக்கோடு வட்டத்தில் இ-சேவை மையம் நடத்துகிறேன். மே, ஜூன் மாதங்களில் சாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று, இருப்பிடச் சான்று என்று காலையிலிருந்தே கூட்டம் நிற்கும். இதில் நேட்டிவிட்டி என்று எல்லோரும் சொல்கிற இருப்பிடச் சான்றில்தான் குழப்பமே. விதி என்னவென்றால், பொறியியலுக்கு எட்டாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரையும், மருத்துவத்துக்கு ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரையும் தமிழ்நாட்டிலேயே படித்திருந்தால் அந்தச் சான்றே தேவையில்லை. நடுவில் ஒரு வகுப்பை வெளிமாநிலத்தில் படித்திருந்தாலும் சான்று வேண்டும், மருத்துவம் என்றால் அதோடு பெற்றோர் இந்த மாநிலத்தவர்தான் என்பதற்கு அவர்களுடைய பள்ளிச் சான்று, சாதிச் சான்று, ரேஷன் கார்டு என்று சேர்த்துக் காட்ட வேண்டும். வேறு மாநிலத்துக் குடும்பத்துப் பிள்ளை எட்டு முதல் பன்னிரண்டு வரை இங்கே படித்திருந்தால் பொறியியலில் பொதுப்பிரிவில் போட்டியிடலாம், அவர்களிடம் நேட்டிவிட்டி கேட்பதில்லை. இதுவரைக்கும் விதி நியாயமாகத்தான் இருக்கிறது, எனக்கு அதில் சண்டை இல்லை. கொஞ்சம் அலைச்சல், அறுபது ரூபாய் கட்டணம், வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாசில்தார் என்று கோப்பு நகர வேண்டும், அவ்வளவுதான், சீட்டு கேட்கிற உரிமை போகாது.

உரிமை போவது அதற்கு அடுத்த படியில்.

எங்கள் பக்கத்தில் மழையை நம்பி நிலம் வைத்திருப்பவர்கள்தான் அதிகம். மாரண்டஅள்ளி, பென்னாகரம், அரூர், ஊத்தங்கரை, அஞ்செட்டி என்று எந்தப் பக்கம் போய்க் கேட்டாலும் வீட்டுக்கு ஒருத்தராவது பெங்களூரில் இருப்பார். கம்பி கட்டுவது, சென்ட்ரிங், சித்தாள், பெயின்ட், ஹோட்டல் வேலை, செக்யூரிட்டி. திங்கட்கிழமை விடிகாலையில் தருமபுரி பேருந்து நிலையத்தில் பெங்களூர் பஸ்ஸுக்கு நிற்கிற கூட்டத்தையும், சேலத்திலிருந்து பாலக்கோடு, மாரண்டஅள்ளி, ராயக்கோட்டை, ஓசூர் வழியாகப் போகிற ரயில்களில் படிக்கட்டு வரை தொங்குகிற ஆட்களையும் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். பெரும்பாலும் பிள்ளைகளைப் பாட்டி தாத்தாவிடம் விட்டுவிட்டுத்தான் போவார்கள். பாட்டிக்கு உடம்பு முடியவில்லை, அல்லது இறந்துவிட்டார், அல்லது பொம்பளைப் பிள்ளையைத் தனியாக விட மனசில்லை என்றால் கூடவே கூட்டிக்கொண்டு போவார்கள், அங்கே தகர ஷெட்டுக்குப் பக்கத்தில் எது கவர்மென்ட் பள்ளியோ அதில் சேர்ப்பார்கள், ஒரு வருடமோ இரண்டு வருடமோ கழித்து ஊரில் நிலைமை சரியானதும் டி.சி. வாங்கிக்கொண்டு திரும்பக் கொண்டுவந்து விடுவார்கள். இது இங்கே ரொம்ப சாதாரணம். படிப்பை நிறுத்தாமல் எங்கேயோ ஒரு பள்ளியில் உட்கார வைத்தார்களே என்று பார்த்தால் அந்தப் பெற்றோரைப் பாராட்டத்தான் வேண்டும்.

போன மே மாதம் அப்படி ஒரு அப்பாவும் மகளும் வந்தார்கள். அவருக்கு பெங்களூரை ஒட்டிய சர்ஜாபூர் பக்கம் கம்பி கட்டுகிற வேலை. பொண்ணு ஐந்தாவது வரை ஊரில் ஒன்றியப் பள்ளி, ஏழாவதிலிருந்து பன்னிரண்டு வரை இங்கே அரசுப் பள்ளி, நடுவில் ஆறாவது மட்டும் கர்நாடக அரசுப் பள்ளி. பிளஸ் டூவில் நல்ல மார்க், பர்கூர் அரசு பொறியியல் கல்லூரியோ செட்டிக்கரையில் இருக்கிற தருமபுரி அரசு பொறியியல் கல்லூரியோ கிடைத்தால் போதும் என்று முன்கூட்டியே முடிவு செய்துவிட்டு வந்திருந்தது. ஃபைலில் எல்லாத் தாளையும் வரிசையாக பிளாஸ்டிக் கவரில் போட்டு வைத்திருந்தது, நடுவில் அந்தக் கன்னட டி.சி. மட்டும் நாலாக மடித்துக் கிழிகிற நிலைமையில் இருந்தது, ஊதா மை சீல் பாதி அழிந்து, அப்பா பேரில் ஒரு எழுத்து மாறி. விண்ணப்பத்தில் ஆறாம் வகுப்புக்கு நேராக மாநிலம் கர்நாடகா என்று போட்ட பிறகு, அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் நீ வர முடியாதும்மா என்று நான்தான் சொல்ல வேண்டியதாயிற்று. அந்தப் பிள்ளை என்னைப் பார்த்து, "அண்ணா, அதுவும் கவர்மென்ட் ஸ்கூல்தானே?" என்று கேட்டது.

அப்பாவுக்கு உடனே விளங்கவில்லை. "ஏன் சார், பணம் கட்டியா படிக்க வெச்சேன்? அங்கயும் சத்துணவு சாப்பிட்டுத்தான் படிச்சா" என்றார். அவர் கேட்டதில் ஒரு தப்பும் இல்லை.

என்ன போகிறது என்று கணக்குப் பார்த்தால்தான் வலிக்கிறது. 2020இல் வந்த சட்டப்படி மருத்துவப் படிப்புகளிலும், 2021இல் வந்த சட்டப்படி பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்ற படிப்புகளிலும் ஆறு முதல் பன்னிரண்டு வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 சதவீத இடம். நீட் வந்த பிறகு எம்.பி.பி.எஸ். சேர்ந்த அரசுப் பள்ளிப் பிள்ளைகளை விரல் விட்டு எண்ணிவிடலாம் என்ற நிலைமையை மாற்றியது இந்த ஒதுக்கீடுதான். பொறியியலில் இந்த ஒதுக்கீட்டில் சேருகிறவர்களுக்குக் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாவற்றையும் அரசே கட்டுகிறது, தனியார் கல்லூரியில் இடம் கிடைத்தாலும்தான். அப்புறம் பெண்பிள்ளைகளுக்கு 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப்பெண், பையன்களுக்கு 2024 ஆகஸ்டில் தொடங்கிய தமிழ்ப் புதல்வன், மாதம் ஆயிரம் ரூபாய் வங்கிக் கணக்குக்கு வருகிற திட்டங்கள், இவற்றுக்கும் ஆறு முதல் பன்னிரண்டு வரை என்ற அதே சங்கிலிதான். சங்கிலியில் ஒரு கண்ணி, ஓசூரைத் தாண்டியதும் வருகிற கர்நாடக எல்லை ஊரான அத்திப்பள்ளிக்கு அந்தப் பக்கம் இருந்துவிட்டால் ஒதுக்கீடும் இல்லை, கட்டணச் சலுகையும் இல்லை, மாதம் ஆயிரமும் இல்லை. நேட்டிவிட்டி சான்று கையில் இருக்கும், சாதிச் சான்று இருக்கும், ரேஷன் கார்டு தலைமுறையாக இந்த ஊரில் இருக்கும், ஆனாலும் இல்லை. சீட்டு கேட்கிற உரிமையைக் காப்பாற்றுகிற சான்று, சலுகைக்கு மட்டும் ஏன் செல்லாமல் போக வேண்டும்?

இதில் நான் ரொம்ப வருத்தப்படுவது எதற்கென்றால், இந்தத் திட்டங்களே யாருக்காக வந்ததோ அவர்களில் கடைசி வரிசையில் இருப்பவர்கள்தான் வெளியே தள்ளப்படுகிறார்கள். ஓசூரில் சொந்த வீடு, அத்திப்பள்ளி, சந்தாபுரா பக்கம் தனியார் பள்ளி என்று பிள்ளையை வேனில் அனுப்பிய குடும்பங்களுக்கும் நேட்டிவிட்டி அலைச்சல் இருக்கிறது, ஆனால் அவர்கள் 7.5 கேட்கவில்லை, கேட்கவும் மாட்டார்கள். கேட்பது கூலிக்காரர் பிள்ளை. சித்தேரி மலையிலிருந்தோ தேன்கனிக்கோட்டை மலைக் கிராமங்களிலிருந்தோ வேலைக்குப் போகிற பழங்குடி குடும்பத்துப் பிள்ளை. அப்பா அம்மா ஊரில் வேலை இருந்தும் ஆசைக்காக அங்கே போனவர்கள் இல்லையே.

சட்டத்தில் இடமில்லை, என்ன செய்வது என்று ஒரு அலுவலர் என்னிடம் சொன்னார். இடம் ஏற்கெனவே ஒருமுறை உருவாக்கப்பட்டிருக்கிறது என்பதுதான் என் பதில். கல்வி உரிமைச் சட்டத்தில், அதாவது ஆர்.டி.இ. இருபத்தைந்து சதவீதத்தில் தனியார் பள்ளியில் எட்டாவது வரை படித்துவிட்டு ஒன்பதாவதிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பிள்ளை 7.5க்குத் தகுதி உடையது என்று சட்டத்திலேயே விலக்கு இருக்கிறது. புதுமைப்பெண் திட்டத்திலும் அதே விலக்கு உண்டு, பின்னால் அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்த மாணவிகளுக்கும் அதை விரித்தார்கள். ரொம்பச் சரி. ஏழைப் பிள்ளை எந்தக் கட்டடத்தில் உட்கார்ந்து படித்தது என்பதைவிட ஏழைப் பிள்ளை என்பதுதான் முக்கியம் என்று அரசே அங்கே ஒத்துக்கொண்டிருக்கிறது. தமிழ்நாட்டில் தனியார் பள்ளியில் படித்த மூன்று வருடத்தை ஏற்றுக்கொள்கிற சட்டம், கர்நாடகத்தில் அரசுப் பள்ளியில் படித்த ஒரு வருடத்தை ஏற்றுக்கொள்ளாது என்பதை அந்தப் பிள்ளைக்கு நான் எப்படி விளக்குவது?

இன்னொன்றும் பாருங்கள். பத்தாவதுக்கு மேல் படிக்கிற ஆதிதிராவிடர், பழங்குடியினர் மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை இருக்கிறதே, அது சாதியைப் பார்க்கிறது, குடும்ப வருமானத்தைப் பார்க்கிறது, சொந்த மாநிலம் எது என்று பார்க்கிறது. ஆறாம் வகுப்பை எங்கே படித்தாய் என்று அது கேட்பதில்லை. அதனால் மோசடி பெருகிவிட்டது என்று யாரும் சொல்லவில்லை.

நீதிமன்றப் பக்கம் பார்த்தாலும் மாநில அரசின் கை கட்டப்பட்டிருக்கவில்லை. இந்த ஊர்க்காரர், வெளியூர்க்காரர் பிரச்சினை 1955லேயே உச்ச நீதிமன்றத்துக்குப் போயிருக்கிறது. இந்தூர் மருத்துவக் கல்லூரியில் அன்றைய மத்திய பாரத மாநிலத்தவரிடம் வாங்காத நன்கொடைக் கட்டணத்தை வெளிமாநில மாணவர்களிடம் வாங்கினார்கள், டெல்லியைச் சேர்ந்த ஒரு மாணவர் வழக்குப் போட்டார், பிறந்த இடத்தை வைத்துப் பாகுபாடு காட்டக் கூடாது என்றுதான் அரசியல் சட்டம் சொல்கிறது, குடியிருப்பை வைத்துச் சலுகை தருவது அதில் வராது என்று தீர்ப்பானது. அப்புறம் 1984இல் பிரதீப் ஜெயின் வழக்கு, 2025 ஜனவரியில் முதுநிலை மருத்துவத்தில் குடியிருப்பு ஒதுக்கீடு செல்லாது என்ற தீர்ப்பு, இரண்டிலும் இளநிலைப் படிப்புக்கு ஓரளவு வரை மாநிலத்தவருக்கு முன்னுரிமை தரலாம் என்பது அப்படியே நிற்கிறது. 7.5 சதவீதச் சட்டத்தை சென்னை உயர் நீதிமன்றம் 2022 ஏப்ரலில் செல்லும் என்று சொன்னபோது, ஐந்து ஆண்டுகளில் மறுஆய்வு செய்ய வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறது. மறுஆய்வு என்று உட்காரும்போது இந்த ஒரு வரியையும் எடுத்துப் பார்க்கலாமே.

எல்லை மாவட்டம் என்றால் தனியாக யோசிக்க வேண்டும் என்பது புதிதாக நான் கண்டுபிடித்தது இல்லை. கர்நாடகத்தில் பொறியியல் சேர்க்கைக்கு ஒன்றிலிருந்து பன்னிரண்டுக்குள் மொத்தம் ஏழு வருடம் அங்கே படித்து, எஸ்.எஸ்.எல்.சி.யோ பி.யு.சி.யோ அங்கே தேறியிருந்தால் போதும் என்று ஒரு பிரிவு இருக்கிறது. வரிசையாக இத்தனை வகுப்பு என்று கேட்பதில்லை, மொத்த வருடத்தைத்தான் பார்க்கிறார்கள், நடுவில் ஓரிரு வருடம் வெளியே போய் வந்த பிள்ளை தப்பித்துக்கொள்ளும். காசர்கோடு போல மாநிலத்துக்கு வெளியே எல்லைப் பகுதிகளில் இருக்கிற கன்னடக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு என்றும் தனிப் பிரிவு வைத்திருக்கிறார்கள். இவ்வளவு ஏன், ஓசூரிலிருந்து அமெரிக்காவுக்குப் படிக்கப் போன பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள், அங்கே அரசுப் பல்கலைக்கழகங்களில் அந்தந்த மாநிலத்தவருக்கு ஒரு கட்டணம், மற்றவர்களுக்கு அதைப்போல இரண்டு மூன்று மடங்கு, பெரும்பாலான மாநிலங்களில் படிப்புக்கு முன் ஒரு வருடமாவது அங்கே குடியிருந்ததைக் காட்டினால்தான் குறைந்த கட்டணம். ரொம்பக் கறாரான ஆட்கள்தான். ஆனால் மின்னசோட்டாவும் விஸ்கான்சினும் பக்கத்துப் பக்கத்து மாநிலங்கள் என்பதால் ஒருவர் மாநிலத்துப் பிள்ளை இன்னொருவர் பல்கலைக்கழகத்தில் ஏறக்குறைய சொந்த மாநிலக் கட்டணத்திலேயே படிக்கலாம் என்று பல வருடங்களாக ஒப்பந்தம் வைத்திருக்கிறார்கள். நாங்கள் அந்த அளவுக்குக்கூடக் கேட்கவில்லை. அடுத்த மாநிலத்துப் பிள்ளைக்கு இல்லை, நம் பிள்ளைக்குத்தான் கேட்கிறோம்.

போலிகள் நுழைந்துவிடுவார்கள் என்ற பயம் எனக்கும் இருக்கிறது, அதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. மருத்துவ சீட்டுக்காக இரண்டு மாநிலத்திலும் நேட்டிவிட்டி காட்டினார்கள் என்ற புகார் எழுந்து நீதிமன்றம் வரை போன கதை எல்லோருக்கும் தெரியும், அதற்குப் பிறகு கெடுபிடி வந்ததும் நியாயம்தான். ஆனால் நான் சொல்கிற பிள்ளையின் தாள்களைச் சரிபார்ப்பது கஷ்டமே இல்லை. இங்கே படித்த வருடங்களுக்கு எமிஸ் எண், அதாவது பள்ளிக் கல்வித்துறையின் கணினிப் பதிவேட்டு எண் இருக்கிறது. கர்நாடக அரசுப் பள்ளியில் படித்த வருடத்துக்கு அதே மாதிரி அவர்களுடைய மாணவர் பதிவேடான சாட்ஸில் பதிவு இருக்கிறது, நாடு முழுக்க ஒவ்வொரு பள்ளிக்கும் இருக்கிற யூடைஸ் எண்ணைப் போட்டால் அது அரசுப் பள்ளியா தனியார் பள்ளியா என்று தெரிந்துவிடும். தொடக்கப் பள்ளி இங்கே, பத்தாவது பன்னிரண்டாவது இங்கே, ரேஷன் கார்டு இங்கே, பெற்றோரின் ஓட்டு இங்கே, வருமானம் குறைவு என்று வருவாய்த்துறையே கொடுத்த சான்று இருக்கிறது. பணம் படைத்த குடும்பம் ஏமாற்ற நினைத்தால் பிள்ளையை சர்ஜாபூர் கவர்மென்ட் பள்ளியில் ஆறாவது படிக்க வைத்தா ஏமாற்றும்?

ஆகவே கேட்பது இவ்வளவுதான். தமிழ்நாட்டு இருப்பிடச் சான்று உள்ள, வருமான வரம்புக்குள் வருகிற குடும்பத்துப் பிள்ளை, ஆறு முதல் எட்டு வரையான வகுப்புகளில் இரண்டு வருடம் வரை பக்கத்து மாநில அரசுப் பள்ளியில் படித்து, ஒன்பது முதல் பன்னிரண்டு வரை இங்குள்ள அரசுப் பள்ளியில் படித்திருந்தால், அந்த இரண்டு வருடத்தையும் அரசுப் பள்ளியில் படித்ததாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். ஆர்.டி.இ. பிள்ளைகளுக்கு இருக்கிற விலக்குக்குப் பக்கத்தில் இன்னொரு வரி. 7.5 சதவீதச் சட்டங்களுக்குச் சட்டத் திருத்தம் வேண்டும், அதற்கு நேரம் பிடிக்கும், ஒத்துக்கொள்கிறேன். புதுமைப்பெண்ணும் தமிழ்ப் புதல்வனும் திட்டங்கள்தான், அரசாணை போட்டால் போதும், அதை இந்த வருடமே செய்யலாம். திருப்பத்தூர், வேலூர் பக்கத்தில் ஆந்திர எல்லை, கோவை, தேனி, கன்னியாகுமரி பக்கத்தில் கேரள எல்லை என்று அங்கேயும் இதே கதை இருக்கும், எல்லோருக்கும் சேர்த்தே செய்யட்டும். எங்கள் இரண்டு மாவட்டச் சட்டமன்ற உறுப்பினர்கள் கட்சி பார்க்காமல் இதைச் சபையில் எழுப்ப வேண்டும், வெளிமாநிலத் தொழிலாளர் பிள்ளைகளைத் தேடிப் பிடித்து இங்கே பள்ளியில் சேர்க்கிற கல்வித்துறைக்கு, வெளியே போய்த் திரும்பி வருகிற சொந்தப் பிள்ளைகள் எத்தனை பேர் என்று எமிஸில் பார்த்து எடுப்பது பெரிய வேலை இல்லை.

அது நடக்கிற வரைக்கும் பெங்களூரில் வேலை செய்கிற பெற்றோர்கள் இதைக் கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், இந்தப் பகுதியையாவது தயவுசெய்து வெட்டாமல் போடுங்கள் ஆசிரியர் அவர்களே. முடிந்தவரை ஐந்தாவது வரை கூட வைத்துக்கொண்டு ஆறாவதிலிருந்து ஊர்ப் பள்ளியில் சேருங்கள், பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்றால் அரசு விடுதிகள் இருக்கின்றன, பள்ளித் தலைமையாசிரியரைக் கேட்டால் சொல்வார். அங்கே படிக்க வைத்தே ஆக வேண்டும் என்றால் திரும்பும்போது டி.சி.யில் அந்த ஊர் வட்டாரக் கல்வி அதிகாரியின் மேலொப்பம் வாங்கிக்கொண்டு வாருங்கள், பேர், இனிஷியல், பிறந்த தேதி ஆதாரில் இருப்பது போலவே இருக்கிறதா என்று அங்கேயே பார்த்துவிடுங்கள், ஆறு வருடம் கழித்து அந்தப் பள்ளியைத் தேடிக்கொண்டு போவது பெரிய பாடு. உங்கள் பழைய பள்ளிச் சான்று, எட்டாவது பெயிலாக இருந்தாலும் பரவாயில்லை, தூக்கிப் போடாதீர்கள், நேட்டிவிட்டிக்கு அதுதான் முதலில் கேட்பார்கள். சான்றுக்கு ரிசல்ட் வரும் வரை காத்திருக்காமல் பிள்ளை பிளஸ் டூ படிக்கும்போதே, பொங்கலுக்கு ஊருக்கு வருகிற நேரத்தில் விண்ணப்பித்துவிடுங்கள். ஜூன் மாதம் எல்லோரும் ஒரே நேரத்தில் வருகிறார்கள், வி.ஏ.ஓ. ஒருத்தர் எத்தனைதான் பார்ப்பார், கடைசித் தேதிக்கு முதல் நாள் வந்து நின்றால் என்னாலும் ஒன்றும் செய்ய முடிவதில்லை.

அந்தப் பொண்ணு பொதுக் கலந்தாய்வில் போய் சேலம் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் இடம் எடுத்திருக்கிறது. கட்டணத்துக்கு அப்பா மேஸ்திரியிடம் முன்பணம் வாங்கியிருக்கிறார், அதைக் கழிப்பதற்காக இந்த வருடம் அம்மாவும் ஊருக்குத் திரும்பாமல் அங்கேயே வேலையில் இருக்கிறார்கள். தம்பி இப்போது ஏழாவது படிக்கிறான், பாட்டிக்கு வயதாகிவிட்டது, அவனை அங்கே கூட்டிக்கொண்டு போகலாமா என்று அவர் போனில் என்னிடம் கேட்டார். வேண்டாம் என்றுதான் சொன்னேன்.

இப்படிக்கு,
இ-சேவை மையம் நடத்தும் வாசகர்,
பாலக்கோடு வட்டம், தருமபுரி மாவட்டம்.